சத்தம் போடுகிற காப்பி மிஷின்

"இது வேண்டாம் பாய். ரொம்பச் சாதுவா இருக்கு. நல்லாச் சத்தம் போடுற மிஷினாப் பாத்துக் குடுங்க."

காப்பிக் கொட்டை அரைக்கும் மிஷினைத் தள்ளி வைத்தார் வேலாயுதம். ஒலி முகம்மதுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சிராங்கூன் ரோட்டில் இரும்புச் சாமான் கடை போட்டு இத்தனை வருடத்தில் இப்படியொரு கிராக்கியை அவர் பார்த்ததில்லை. மிஷின் வாங்க வருகிறவர்கள் பொடியை விரலில் தேய்த்துப் பார்ப்பார்கள். விலையைக் குறைக்கச் சொல்லி உயிரை வாங்குவார்கள். இந்த மனிதரோ கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு காதை அல்லவா மிஷின்மேல் வைக்கிறார்!

"தம்பி, இது சீமைச் சரக்கு. மாவாட்டம் அரைக்கும். விலைதான் இடிக்குதுன்னா சொல்லுங்க."

"விலையும் இடிக்குதுதான். ஆனா சும்மா குடுத்தாலும் இது எனக்கு உதவாது."

அடுத்தது, மடியில் இடுக்கிக்கொண்டு சுற்றும் மரப்பெட்டி மிஷின். கையைக் கடிக்காத விலை. வேலாயுதம் ஒரு பிடி கொட்டையைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது முனகுது பாய். எங்க வீட்டுல இருந்தது மேசையோட திருகி வைக்கிறது. ஒரு பல்லு மூளி. ஒவ்வொரு சுத்துக்கும் 'கர்ர்ர், டக்'குன்னு சத்தம் வரும். நேத்து மொத்தமா உடைஞ்சு போச்சு."

"மூளி மிஷினைத் தேடி வர்ற ஆள் நீங்க ஒருத்தர்தான்! பேசாம உங்க சம்சாரத்தைக் கூட்டிட்டு வாங்க. அரைக்கப் போறவங்க பாத்து எடுக்கட்டும்."

வேலாயுதத்தின் கை நின்றுவிட்டது.

"மங்களம் போய்ச் சேர்ந்துட்டா பாய். பிரசவத்துல. ஆஸ்பத்திரியிலேயே."

"புள்ளை?" என்று கேட்டார் ஒலி முகம்மது.

"அதுவும் தங்கலை."

வெளியே மணியடித்துக்கொண்டு டிராம் போனது.

"அவளோட அப்பா என்கூடத்தான் இருக்கார். கண் பார்வை கிடையாது. புள்ளை போச்சு, மக மட்டும் பிழைச்சு வீட்டுக்கு வந்துட்டான்னு சொல்லி வச்சிருக்கேன். ஒரே மக பாய். தெரிஞ்சா மனுசன் தாங்க மாட்டார்."

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எப்படித் தெரியாமப் போகும்?"

"அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஊர்ல அவ அம்மா செத்த சேதி வந்தப்ப இவ காய்ச்சல்ல கிடந்தா. தேறட்டும்னு இவர் மறைச்சுட்டார். தெரிஞ்ச அன்னைக்கு வாயை மூடினவதான். ஆனா தெனம் விடிஞ்சா காப்பிக் கொட்டையை அரைச்சு, காப்பி போட்டு, அவர் பக்கத்துல வச்சுட்டுப் பேசாமப் போயிடுவா. அந்தச் சத்தம் ஒண்ணுதான் அவருக்கு மக இருக்கான்னு அடையாளம்."

"இப்ப?"

"விடிஞ்சா, 'மங்களம், காப்பி ஆச்சாம்மா'ன்னு குரல் குடுப்பார். நான் எந்திரிச்சு அரைச்சு, போட்டு வச்சுட்டு, அவளாட்டமே பேசாம வந்துடுவேன். இன்னைக்குக் காலையில, அவளுக்குத் தலைவலின்னு பொய் சொன்னேன். நாளைக்கு என்ன பாய் சொல்றது?"

ஒலி முகம்மது கடைக்குள் போய், ஏலத்தில் எடுத்து மூலையில் போட்டிருந்த பழைய மிஷின் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தார். அரத்தை எடுத்து ஒரு பல்லைக் கொஞ்சம் தேய்த்தார். நல்ல சாமானைக் கெடுப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை.

"இப்பச் சுத்துங்க."

கர்ர்ர், டக். கர்ர்ர், டக்.

வேலாயுதம் கைப்பிடியை விடாமலே அழுதார்.

திருகாணி தேய்ந்திருந்ததால், மேசையில் பொருத்திக் கொடுக்க ஒலி முகம்மதுவே கூடப் போனார். மாட்டுத் தொழுவங்களுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. சுவரோரம் பெஞ்சில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். "மிஷினைச் சரி பண்ணக் கடைக்கார பாய் வந்திருக்கார் மாமா" என்றார் வேலாயுதம்.

மிஷினைப் பொருத்தியதும் வேலாயுதம் கொட்டையைப் போட்டுச் சுற்றினார்.

பெரியவர் தலையை நிமிர்த்தினார். "தலைவலி விட்டுச்சாம்மா மங்களம்?"

பதிலுக்கு மிஷின் மட்டும் சத்தம் போட்டது. ஒலி முகம்மது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இல்லாத மகளைப் பெயர் சொல்லி அப்படிக் கூப்பிடக் கேட்பது பெரிய கொடுமையாக இருந்தது.

காப்பி வந்தது. பெரியவர் பக்கத்தில் சத்தமில்லாமல் ஒரு டம்ளரை வைத்தார் வேலாயுதம்.

"மாப்பிள்ளை, நீங்களும் குடிச்சீங்களா? ரொட்டி இருந்தா நனைச்சுச் சாப்பிடுங்க" என்றார் பெரியவர்.

"இதோ மாமா." சொன்னபடியே சாப்பிட்டுவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு வேலாயுதம் குழாயடிக்குப் போனார்.

காலடிச் சத்தம் தேயும்வரை பெரியவர் காத்திருந்தார்.

"பாய், சத்தம் அப்படியே இருக்கு. ரொம்பத் தேடினாரோ?"

ஒலி முகம்மதுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்க மகளுக்குப் பழகின மிஷின் மாதிரி வேணும்னு..." என்று இழுத்தார்.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னைக்கு எம் மக என் கையைப் புடிச்சுக்கிட்டுப் பேசிட்டா பாய். மாப்பிள்ளைக்கு அது தெரியாது. உயிரோட வந்திருந்தா பேசாம இருப்பாளா? 'அப்பா, நான் இல்லேன்னா அவர் படுத்த பாயை விட்டு எந்திரிக்க மாட்டார், நீங்கதான் பாத்துக்கணும்'னு சொல்லிட்டுப் போனா."

பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

"அதான் தெனம் விடிஞ்சதும் காப்பி கேக்கறேன்."