இருபது விழுந்தால்

கணவனும் மனைவியும் சேர்ந்து உருவாக்கிய மேசை விளையாட்டு அது. இருபது முகப் பகடையில் இருபது விழுந்தால் உச்ச அடி. அடி பட்ட பொம்மை வீரர் ஆட்டத்தில் அங்கேயே சாக வேண்டும். அந்த விதி அவள் போட்டது. “விழுந்தா விழுந்ததுதான், கெஞ்சக் கூடாது” என்பாள்.

அவள் ஒரே நொடியில் போய்ச் சேர்ந்தபின், அவர் விதியைத் தளர்த்தினார்: பட்டவருக்காக இன்னொருமுறை உருட்டலாம், இருபது விழாவிட்டால் பிழைத்தார்.

மகளோடு ஆடிப் பார்த்தார். அம்மா எப்போதும் ஆடிய வில்லாளிப் பொம்மைமேல் உச்ச அடி விழுந்தது. மறுபடி உருட்டினார். இருபது. பகடையை மாற்றினார், மேசையையும் மாற்றினார்; அதே இருபது.

“அம்மாவுக்கு இந்த ரூல் பிடிக்கலப்பா,” என்றாள் மகள்.

பொம்மையை மெல்லப் படுக்க வைத்தார். அடுத்து மூன்று விழுந்தது. அதன்பிறகு அந்த வீட்டில் இருபது விழவே இல்லை. இன்னொரு இருபதுக்காக அவர் இன்னும் உருட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.