திருச்செந்தூருக்குப் போனவள்

பக்கத்து வீட்டு டீச்சரின் தலையணையில் முகத்தை அழுத்தி இருமினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய வீடு. மகள் மஞ்சரியைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள்.

பெற்றவள் திருச்செந்தூருக்குப் போயிருப்பதாகச் சொல்லியாகிவிட்டது. கணவரின் யோசனை. வேண்டுதல் என்றால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்களாம்.

ஆறு வருட இருமல். மூன்று முறை சளிப் பரிசோதனை, நான்கு எக்ஸ்ரே. எதிலும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்த காகிதத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டா திரிய முடியும்? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்து போய்விடுவாள். இருமும்போது சிறுநீர் கசிவதை டாக்டரிடம்கூடச் சொன்னதில்லை.

போன வருடம் ஒரு வரன் வந்தது. காபி டம்ளரை நீட்டும்போது இருமிவிட்டாள்.

தாய்க்கு டி.பி. போல என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து மஞ்சரி அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இன்று அரை மணி நேரமாக அடக்கிக்கொண்டு கிடக்கிறாள். நெஞ்செலும்பு வலிக்கிறது.

அப்போது அது கேட்டது.

இருமல். வறண்ட, நிற்காத, அடிவயிற்றைப் பிடுங்கும் இருமல்.

முதலில் தன் வாயைத்தான் பொத்தினாள்.

அவளுடையது இல்லை. அவள் வீட்டு ஹாலிலிருந்து வந்தது.

"பத்து வருஷமா இப்படித்தான். பழகிப்போச்சு." மாப்பிள்ளையின் அம்மா மூச்சு வாங்கினாள்.

"அதனால என்னங்க சம்பந்தியம்மா! இந்தக் காலத்துல இருமாத ஆளு யாரு இருக்கா?"

கணவரின் குரல். சிரிப்பு வேறு.

பாவி மனுஷன். இந்த ஆறு வருடத்தில் ஒரு நாள் இதை அவளிடம் சொல்லியிருக்கலாம்.

எழுந்தாள். கூந்தலை அள்ளி முடிந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். இப்போதே போய் நிற்கலாம். இருமினால்தான் என்ன?

வாசல்வரை வந்த பிறகுதான் திருச்செந்தூர் நினைவுக்கு வந்தது. இந்நேரம் கடற்கரையில் நிற்க வேண்டியவள்.

பின்கதவைத் தட்டும் சத்தம்.

மஞ்சரி. முகமெல்லாம் சிரிப்பு. தலையில் புதிதாக ஒரு முழம் பூ.

பூ வைத்துவிட்டார்கள். பெற்றவள் இல்லாமலே.

"அம்மா, உன் கஷாயப் பொடி எங்க இருக்கு? அத்தைக்கு ரொம்ப முடியல."

அத்தை. அதற்குள்.

ஆறு வருடமாக அதே அடுக்களையில் இருக்கும் டப்பா. இன்றுதான் கேட்கிறாள்.

"மேல் தட்டுல. பருப்பு டப்பாவுக்குப் பின்னால. பனங்கற்கண்டு போடு. ரொம்பச் சூடா குடுக்காதே, இன்னும் இருமல் வரும்."

மஞ்சரி ஓடினாள். படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

வாம்மா என்பாள் என்று இவள் நினைத்தாள். சத்தியமாக நினைத்தாள்.

"இன்னும் ஒரு மணி நேரம்தாம்மா. தேதி குறிச்சிட்டுக் கிளம்பிடுவாங்க. அதுவரைக்கும் இருமிடாதே."

தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறக்கவில்லை.