நாலு பெட்டியும் ஒரு டின் ஆயிலும்

பட்டறைக்காரர் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டிகளைத்தான் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அவர் உதடு அசைந்தது. முத்துராமனுக்கு அது பிடிக்கவில்லை.

"அங்க என்னய்யா பார்வை? சத்தம் பின் அச்சுல வருது" என்றார்.

ஐம்பத்தேழாம் வருஷத் தேர்தல். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி வைத்து ஓட்டு வாங்கிய காலம். முத்துராமன் வாக்குச்சாவடி அதிகாரி. நாலு பெட்டிகளுக்கும் அரக்கு முத்திரை வைத்து, பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குக் கிளம்பியிருந்தார். டிரைவர் ஐயனார், காவலுக்கு ஒரு போலீஸ்காரர். மூன்று பேருமே திருச்சியிலிருந்து வந்தவர்கள்.

ஆலங்குடி தாண்டி நாலாவது மைலில் வண்டியின் பின்பக்கம் ஊளையிட ஆரம்பித்ததும் ரோட்டோரத்து மெக்கானிக் பட்டறையில் நிறுத்தினார்கள். மணி ஐந்தே முக்கால். ஏழுக்குள் பெட்டிகள் தாலுகா கச்சேரியில் இருந்தாக வேண்டும்.

பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் புகுந்து, பின் அச்சின் பல்சக்கரங்கள் இருக்கும் டிப்ரன்ஷியலின் அடைப்பானைத் திருகினார். ஆயில் தண்ணீர் மாதிரி கொட்டியது. விரலில் தொட்டு வெளிச்சத்தில் காட்டினார். இரும்புத் தூள் மின்னியது.

"இதுல என்னத்தங்க ஊத்துனீங்க?" தொண்டை அடியோடு கட்டிப்போயிருந்தது அவருக்கு. பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. பாவம், நாள் முழுக்க ரோட்டுப் புழுதி என்று நினைத்துக்கொண்டார் முத்துராமன்.

"நேத்துக் கொறஞ்சிருந்துச்சு. கையில இஞ்சின் ஆயில்தான் இருந்துச்சு, ஊத்திட்டேன்" என்று ஐயனார் பிடரியைச் சொறிந்தான்.

பட்டறை அலமாரியில் இரண்டு டின் இருந்தன. தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில் ஒன்று, நூற்று நாற்பது ஒன்று.

"நூத்தி நாப்பத ஊத்துங்க. கெட்டி ஆயிலு, சத்தம் அமுங்கிரும்" என்றான் ஐயனார்.

"சத்தம் அமுங்கும். பல்லு மிஞ்சாது. இந்த மாதிரி வண்டியில பல்லும் பல்லும் வழுக்கி வழுக்கி உரசும். அந்தச் சூட்டுக்குன்னு மருந்து கலந்த ஆயிலு தனியா வருது. ரெண்டு மைல் அங்கிட்டு பஸ் ஷெட்டுல இருக்கும். சைக்கிள்ல போயி வாங்கிட்டு வாரேன்."

"யோவ், நேரமில்ல. இருக்கறத ஊத்தி அனுப்பும்!" என்றார் முத்துராமன்.

"அனுப்பலாம். மூணு மைல் போவும். அப்புறம் முந்திரிக்காட்டுக்கு நடுவுல நிப்பீங்க, பெட்டியோட."

'பெட்டியோட' என்றதும் முத்துராமன் திரும்பிப் பெட்டிகளைப் பார்த்தார். அவர் சரி என்று சொல்வதற்குள் சைக்கிள் ரோட்டில் ஏறிவிட்டது.

பத்து நிமிஷம் ஆயிற்று. இருபதும் ஆயிற்று. முத்துராமன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அரக்கு முத்திரைகளைத் தடவிப் பார்த்தார். ஐந்து தப்படி நடந்துவிட்டுத் திரும்ப வந்து மறுபடியும் தடவினார்.

போலீஸ்காரர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "சார், வந்ததும் வராததுமா பெட்டியத்தான் எண்ணுனான். நல்லா இருக்கற ஆயிலயும் வேணாங்கறான். எவனாவது வேட்பாளரோட ஆளா இருப்பானோ? ஆள் கூட்டிட்டு வந்துட்டான்னா?"

"சும்மா இருய்யா" என்றார் முத்துராமன். ஆனால் கைக்குட்டை நனைந்துவிட்டது. பெட்டி பறிபோனால் மறுதேர்தல், விசாரணை, சஸ்பெண்ட். கடலை மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வேடிக்கை பார்க்க நின்றபோது, "போ, போ! நிக்காத!" என்று கத்தினார். மாடு மிரண்டது.

அரை மணிக்குப் பிறகு சைக்கிள் தெரிந்தது. பின்னால் ஆட்கள் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாருமில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, டின்னைக் குழந்தை மாதிரி ஒரு கையால் அணைத்துக்கொண்டு மிதித்து வந்தார் பட்டறைக்காரர்.

மூடியைத் திறந்ததும் கந்தக நாற்றம் அடித்தது. "இந்த நாத்தம் இருந்தாத்தான் சரியான சரக்கு" என்றார். கொஞ்சம் ஊற்றிக் கழுவி வடித்தார். அப்புறம் துளை வழியாக வழியும்வரை ஊற்றி, விரலை வளைத்து உள்ளே விட்டு மட்டம் பார்த்தார். ஒரு சொட்டு வீணாக்கவில்லை, ஒரு திருகு அவசரப்படவில்லை.

அடியில் படுத்தபடியே கேட்டார்: "ஒங்க சாவடியில எத்தன பேருங்க ஓட்டுப் போட்டாங்க?"

"அதெல்லாம் உமக்கு எதுக்கு? வேலையப் பாரும்!"

பட்டறைக்காரர் அடைப்பானை இறுக்கிவிட்டு வெளியே வந்தார்.

ஐயனார் வண்டியைக் கிளப்பி முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தான். ஊளை போய் லேசான முனகல்தான் மிச்சம். மணி ஆறு முப்பத்தைந்து. எட்டு மைல். போய்விடலாம்.

முத்துராமனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. இந்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே!

"ரொம்ப உதவி பண்ணுனீங்க. ஒங்க பேரச் சொல்லுங்க, ரிப்போர்ட்டுல எழுதணும்" என்று பேனாவை எடுத்தார்.

"அய்யய்யோ, எழுதிராதீங்க. வம்பாப் போயிரும்."

"நல்லது செஞ்சதுக்கு வம்பு எப்படிங்க வரும்?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியின் பின்கதவை நன்றாக அழுத்திச் சாத்தினார். கொண்டி விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தார். பிறகு அந்தக் கட்டிய தொண்டையால் சொன்னார்:

"பாத்துப் போங்க சார். அதுல ஒரு பெட்டி என்னோடதுங்க."