அஞ்சே நிமிஷம்

"ஆச்சா? அப்பாவோட பணி ஓய்வு விழா ஆரம்பிச்சுடுச்சாம். அங்கே போட்டுக் காட்டற வீடியோ படத்தை எடுத்துட்டுப் போகத் தம்பி வாசல்லயே நிக்கிறான்."

"உன் தம்பி பாதி எடிட் பண்ணிக் கொடுத்தது எடிட்டிங் சாஃப்ட்வேரோட புது வெர்ஷன்ல. என் லினக்ஸ் கம்ப்யூட்டர்ல இருக்கிற பழசு அதைத் திறக்க மாட்டேங்குது. புதுசு போட்டுட்டிருக்கேன்."

கணவன் காதில் இயர்போனுடன், செல்போனில் ஓடிய செய்முறை வீடியோவைப் பார்த்துப் பார்த்துத் தட்டினான். கம்ப்யூட்டரில் மறுபடியும் சிவப்பு எழுத்தில் 'பிழை'.

"அதுல சொல்ற மாதிரிதானே செய்யறீங்க?"

"சொல்றவன் ஒரு அரைவேக்காடு. பாதியை முழுங்கிட்டான்."

"கொடுங்க போனை. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கமெண்ட் போடறேன்."

அவன் மறைப்பதற்குள் பிடுங்கிவிட்டாள். இயர்போன் கழன்றது.

போன் திரையில், அவள் தேய்த்துக் கொடுத்த நீலச் சட்டையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து, கணவன் சிரித்துக்கொண்டிருந்தான்: "ரொம்ப ஈஸி நண்பர்களே. அஞ்சே நிமிஷம்தான்."