தேவசகாயத்தின் அனுபவம்

சிவில் இன்ஜினியரிங் மாணவி செண்பகவல்லிக்கு அனுபவம் இல்லையென்று யாரும் பயிற்சி வேலை தரவில்லை. அதனால், நாகர்கோவிலில் ஓய்வுபெற்ற சைட் இன்ஜினியர் தேவசகாயத்தின் வேலை நினைவுகளை வாங்கித் தலையில் ஏற்றிக்கொண்டாள். உடனே வேலை கிடைத்தது. "கம்பி கட்டுன லட்சணமா இது? அவுத்துக் கட்டுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் மேஸ்திரியே திடுக்கிட்டார்.

ஒருநாள் தேவசகாயத்தின் மனைவி ரோசலின் செண்பகவல்லியைத் தேடி சைட்டுக்கே வந்துவிட்டார்.

"மக்களே, எங்க கல்யாண நாளு வந்தா போதும், சைட்டுல வேலைன்னு போயிருவாரு. நெசமாவே வேலதானா?"

செண்பகவல்லி நினைவைத் துழாவினாள். அந்த நாட்களில் எல்லாம் தேவசகாயம் சிமெண்ட் குடோனில் சீட்டாடிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"பெரிய கான்கிரீட்டு. பச்சத்தண்ணி கூட குடிக்கல," என்று வந்தது.

ரோசலின் அவளை உற்றுப் பார்த்தார்.

"அவரும் வருசா வருசம் அச்சடிச்ச மாதிரி இதயேதான் சொல்லுவாரு," என்றவர், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தார்.