நமுகோலோ கேட்ட வீதி

ஜாம்பியாவின் தலைநகர் லுசாக்காவின் குடிசைப் பகுதிக்குள் புது வீதிக்காகக் கயிறு பிடித்து அளந்து வருகிறார்கள்; கயிறு போகும் வழியில் உள்ள வீடுகள் இடிபடும். "தீயணைப்பு வண்டி நுழையணும், தாராளமா விடுங்க!" என்று ஊர்க்கூட்டத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவள் நமுகோலோதான், கயிறு அடுத்தவர் வீட்டோடு போய்விடும் என்று நினைத்திருப்பாள், பாவம். இப்போது அது அவள் வாசலில் நுழைந்து கட்டிலுக்கு மேலே விறைத்து நிற்கிறது. கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டைகளில் இறங்கிய வெயில் பொட்டுகள் அதன்மேல் நடுங்குகின்றன. வாணலியில் கப்பெண்டா மீன் கருகுகிறது; இறக்கி வைக்க அவளுக்குத் தோன்றவில்லை. "என்னக்கா, வாயடைச்சுப் போச்சு? நீங்க கேட்ட வீதிதானே!" வாசலில் நின்று சிரிக்கிறாள் பக்கத்து வீட்டு முவிச்சே. "வேணும்னா கயித்த அந்தப் பக்கம் தள்ளிப் பிடிக்கலாம். நீங்களே சொல்லுங்கம்மா" என்கிறார் அளப்பவர். அந்தப் பக்கம் முவிச்சேயின் வீடு. சிரிப்பு நின்றுபோகிறது. முவிச்சே கதவு நிலையை இறுகப் பிடித்தபடி நமுகோலோவின் வாயையே பார்க்கிறாள்.