பூட்டிய பாட்டு

"ஒரே ஒரு பாட்டு. அதைப் பழைய பிளேயர்லேருந்து இந்தப் புதுசுக்கு மாத்த ஒரு வாரமா?" வந்தவர் கவுண்டரில் ஓங்கித் தட்டினார்.

மெக்கானிக்குக்கும் எரிச்சல் வந்தது. "காப்பி பண்ண முடியாதபடி பூட்டியிருக்கு சார். கத்தினா திறந்துடுமா? காசு கட்டிப் புதுசா இறக்கிக்குங்க."

"எந்தக் கடையிலயும் கிடைக்காது. என் பொண்டாட்டி பாப்பாவுக்காகப் பாடி, இந்தப் பழைய பிளேயர்லயே பதிவு பண்ணினது."

"அப்ப அவங்களையே இன்னொரு தடவை பாடச் சொல்லுங்களேன்."

"அவ செத்து நாலு மாசமாச்சு."

மெக்கானிக் பழைய பிளேயரை மறுபடி கம்ப்யூட்டரில் மாட்டி, தெரிந்த வித்தையையெல்லாம் காட்டினான். ஒன்றும் பலிக்கவில்லை. உள்ளே மெமரி வேறு செத்துக்கொண்டிருந்தது. இன்னும் சில நாள்தான் தாங்கும்.

"விலைக்கு விக்கிற பாட்டைப் பூட்டட்டும், நியாயம். வீட்டுல பாடினதையுமா பூட்டுவான்? இந்தப் பூட்டு புரோகிராமை எழுதின படுபாவி மட்டும் என் கையில கிடைச்சா..." என்று பல்லைக் கடித்தான்.

வந்தவர் இரண்டு பிளேயர்களையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நான்தான் எழுதினேன், எனக்கே திறக்க வழி இல்லாதபடி. இந்த ஏழு வருஷத்துல உங்கள்ல யாராவது அதை உடைச்சிருப்பீங்கன்னு நம்பித்தான் வந்தேன்" என்றார்.